கண்காணிப்புக் கிணறு எண் ஒன்று

1978ஆம் ஆண்டு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வரிச்சிக்குடிக்குக் கிழக்கே வாய்க்காலை ஒட்டிக் குடியிருந்த முத்தையன், தம் கொல்லைக் கிணற்றில் இறைத்த நீர் மஞ்சளாக இருக்கக் கண்டார். இதில் எவருடைய குற்றமும் இல்லை என்பது பின்னர் பல கூட்டங்களில் விரிவாக விளக்கப்பட்டது. ஆகவே இங்கும் யாரையும் குறை கூறுவதற்கில்லை. வாய்க்காலுக்கு அப்பால் பூச்சிமருந்து கலக்கும் கொட்டகை ஒன்று நான்கு ஆண்டுகள் நடந்தது. அதை மூடியபோது அதன் முதலாளி, மிஞ்சிய பீப்பாய்களை அங்கேயே மண்ணில் புதைத்துவிட்டுத் தம் ஊருக்குப் போய்விட்டார். பீப்பாய்கள் துருப்பிடித்தன. துருப்பிடிப்பது இரும்பின் இயல்பு.

முத்தையன் மூன்று மா நிலத்தில் பயிர் செய்பவர், அதிகம் பேசாதவர். நீரின் நிறத்தைவிட, நாள்தான் அவரை வருத்தியது. ஒரே மகள் அமுதம் நெடுங்காட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். சித்திரையில் வளைகாப்பு நடத்தி, அன்றே அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஆனியில் தலைப்பிரசவம். தலைப்பிரசவத்தைப் பார்க்க முடியாத வீட்டைப் பெண்ணைப் பெற்ற வீடென்று அந்தப் பக்கத்தில் யாரும் மதிப்பதில்லை.

"ஏங்க, மேட்டூர் தொறந்து தண்ணி வர ஆனி கடைசி ஆயிடும். வாய்க்கால்ல ஒரு பொட்டு இருக்காது. பொறந்த புள்ளய இதுலயா குளிப்பாட்டுறது?" என்று கேட்டார் அவருடைய மனைவி அஞ்சுகம். கேட்டவர் குடத்தைக் கவிழ்த்து, அடியில் படிந்திருந்த மஞ்சளை விரலால் தொட்டுக் காட்டினார்.

"காரைக்கால்ல இதுக்குன்னே ஆபீசு தொறந்துருக்காங்களாம். போயி சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் முத்தையன்.

அலுவலகம் உண்மையிலேயே இதற்கென்றே திறக்கப்பட்டிருந்தது. 'நிலத்தடி நீர்ச் சீரமைப்பு மற்றும் மக்கள் தகவல் அலுவலகம்' என்ற பெயர்ப்பலகை, அந்த வாடகை வீட்டின் முகப்பைவிட இரண்டடி நீளமாக இருந்தது. திறந்து இரண்டு மாதமாகியும் கெட்டுப்போன கிணறு ஒன்றுகூட வந்து சேராததால், அங்கிருந்தோர் மனச்சோர்வில் இருந்தனர். முத்தையன் சொல்லி முடித்ததும் தலைமை அதிகாரி மாணிக்கவேல் அவர்கள் எழுந்து நின்றார். தம் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க முத்தையன். எவ்வளவு மஞ்சள்னு சொன்னீங்க?"

"சாம்பாருக்குப் போடற மாதிரிங்க."

"ரொம்ப நல்லது" என்றார் மாணிக்கவேல் அவர்கள், மனம் நெகிழ்ந்து.

"ஐயா, எப்பங்க சரியாவும்? சித்திரையில பொண்ண அழைக்கணும்."

"நல்ல கேள்வி. ஹமீது, எழுதிக்குங்க. கேள்வி எண் ஒன்று."

எழுத்தர் ஹமீது எழுதிக்கொண்டார். முத்தையன் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "பதிலுங்க?" என்றார்.

"பதில் மக்கள் முன்னிலையில சொல்லணும். ஒங்ககிட்ட மட்டும் தனியா சொன்னா அதுக்குப் பேரு தகவல் இல்ல, சலுகை. இந்த அலுவலகத்துல சலுகைக்கு இடமே கிடையாது."

முத்தையன் இதுவரை எந்த அலுவலகத்திலும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஆகவே இவ்வளவு மரியாதை காட்டுபவர்கள் வேலையையும் செய்வார்கள் என்று நம்பிக்கையோடு பஸ் ஏறினார்.

மறுநாளே நால்வர் ஜீப்பில் வந்து, கிணற்றுக் கட்டைச் சுரண்டி, வெள்ளையடித்து, சிவப்பு எழுத்தில் 'கண்காணிப்புக் கிணறு எண் ஒன்று' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுத் தங்கையன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மாமா, கெணத்துக்கு நம்பரு குடுத்துட்டாங்களே. இனிமே பஸ்ஸு வந்து நிக்குமா?"

"நீ சும்மா இருடா. வேல நடக்குது" என்றார் முத்தையன்.

வேலை முறைப்படிதான் நடந்தது. நீர் கெட்டிருக்கிறது என்பதை முதலில் ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடமோ புதுச்சேரியில் இருந்தது. மாதிரி நீரை எடுத்துச்செல்லத் தனிப் புட்டிகள் அனுப்பப்படும் என்று கடிதம் வந்தது, புட்டிகள் வரவில்லை. காரைக்காலில் மற்ற எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஒருவகைப் புட்டிக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. அலுவலகக் கடைநிலை ஊழியர் சாராயக்கடைப் பின்புறம் சென்று, ஆறு பிராந்திப் புட்டிகளைப் பொறுக்கிக் கழுவிக் கொண்டுவந்தார். அவற்றில் கிணற்று நீரை நிரப்பி, வாயை மெழுகால் அடைத்து, முத்திரை பதித்தார்கள். கிணற்றுக்காரர் சாட்சியாக உடன்போக வேண்டும் என்பது விதி. ஆகவே முத்தையனும் ஹமீதும் ஆளுக்கு மூன்று புட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அமர்ந்தனர்.

காரைக்காலிலிருந்து புதுச்சேரி போக வேண்டுமானால் தமிழ்நாட்டைக் கடந்துதான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. பதினைந்தாவது நிமிடம் எல்லைச் சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. ஏட்டு ஒருவர் ஏறி, பிராந்திப் புட்டிகளையும், அவற்றின் மெழுகையும், உள்ளே இருந்த மஞ்சள் நிறத் திரவத்தையும், முத்தையனுடைய முகத்தையும் வரிசையாகப் பார்த்தார்.

"எறங்குங்க ரெண்டு பேரும்."

"சார், இது கெணத்து நீரு. சர்க்கார் லெட்டர் இருக்கு" என்றார் ஹமீது.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க பாய். லெட்டரோட சொல்றது நீங்கதான் முதல் ஆளு. வயசான மனுசனையும் கூட்டுக் கடத்தலுக்கு இழுத்துட்டு வந்திருக்கீங்களே."

சாவடியில் ஆய்வாளர் ஒருவர் இருந்தார். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். முகர்ந்தே கடையின் பெயரைச் சொல்லக்கூடியவர் என்று ஏட்டு பெருமையோடு தெரிவித்தார். ஆய்வாளர் ஒரு புட்டியின் மெழுகை உடைத்து முகர்ந்தார். புருவத்தைச் சுருக்கினார். கடமை உணர்வு மிகுந்து ஒரு மிடறு வாயில் ஊற்றிக்கொண்டார். அடுத்த கணம் வெளியே ஓடிச்சென்று துப்பினார். திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, முத்தையனை இரக்கத்தோடு பார்த்தார்.

"இதையாய்யா குடிக்கறீங்க?"

"வேற கெணறு இல்லீங்க" என்றார் முத்தையன்.

ஆய்வாளர் ஆறு புட்டிகளையும் திறந்து முகர்ந்துவிட்டு, அலுவல் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்: 'சோதித்துப் பார்த்ததில் இது மதுவன்று. மனிதர் குடிக்கத் தகுந்ததும் அன்று.'

ஹமீது அந்தத் தாளை இருமுறை படித்தார். "முத்தையண்ணே, நாம தேடிப் போன பதிலு இதுதான். புதுச்சேரி வரைக்கும் போகவே வேணாம்" என்றார். முத்தையனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் திரும்பி வந்தனர்.

மாணிக்கவேல் அவர்கள் தாளைத் தொடவில்லை; மேசையில் வைக்கச் சொல்லித் தூரத்திலிருந்தே படித்தார்.

"மதுவா இல்லையான்னு சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. முதல் வரி செல்லும். தண்ணியப் பத்திச் சொல்ல அவரு யாரு? ரெண்டாவது வரி செல்லாது. அதோட ஆறு புட்டியிலயும் முத்திரைய ஒடச்சுட்டாரு. ஆகமொத்தம், முத்தையன், ஒங்க தண்ணி கெட்டுப்போயிருக்குங்கறதுக்கு இப்ப எந்த ஆதாரமும் இல்ல."

"மஞ்சளா இருக்குங்களே ஐயா."

"அது ஒங்க அபிப்பிராயம்."

மாதிரி நீர் தடையின்றி எல்லை கடக்க விலக்கு ஆணை வேண்டும் என்று தமிழ்நாட்டு மதுவிலக்குத் துறைக்கு அலுவலகம் எழுதியது. பங்குனியில் பதில் வந்தது. புட்டியில் இருப்பது நீர்தான் என்று ஆய்வுக்கூடம் சான்றளித்தால் விலக்கு உடனே வழங்கப்படும் என்று அதில் பெருந்தன்மையோடு குறிப்பிடப்பட்டிருந்தது. ஆய்வுக்கூடம் எல்லைக்கு அப்பால் இருப்பதைச் சுட்டிக்காட்டி மறுபடியும் ஒரு கடிதம் போயிற்று. அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

அதற்காக அலுவலகம் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. அதன் பெயரில் பிற்பாதி ஒன்று இருந்ததல்லவா? மக்கள் தகவல் அலுவலர் பாலகுரு அவர்கள் ஒலிபெருக்கியுடன் வந்து சேர்ந்தார். இளைஞர்; ஓய்வறியாதவர். கிணற்றுக்கு எதிரே அறிவிப்புப் பலகை நடப்பட்டது. செவ்வாய்தோறும் மக்கள் தகவல் கூட்டம் என்று முடிவாயிற்று. கூட்டத்துக்கு வருவோர், 'எனக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது' என்ற பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம்.

முதல் கூட்டத்திற்குத் தெருவே திரண்டது. அதிகாரிகள் குடிப்பதற்காக ஜீப்பில் ஒரு பெரிய பாத்திரத்தில் நகரத்துக் குழாய்நீர் வந்திருந்தது. பெண்கள் எல்லோரும் இடுப்பில் குடத்துடன் வந்து முன்வரிசையில் அமர்ந்ததை, மக்களின் தகவல் ஆர்வம் என்று பாலகுரு அவர்கள் அறிக்கையில் எழுதினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, ஆய்வு முடிவு வந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. வரவில்லை என்பதை உங்களிடமிருந்து நாங்கள் மறைத்தோமா? மறைக்கவில்லை. ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறோம். அடுத்த செவ்வாயும் வராது. அதையும் வந்து சொல்வோம்" என்று அவர் முழங்கினார்.

முத்தையன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஐயா, எப்ப சரியாவும்னு..."

"அது கேள்வி எண் ஒன்று. பதிவில் இருக்கிறது. உட்காருங்கள்."

இரண்டாம் கூட்டத்தில், முதல் கூட்டத்தில் கேள்வி எண் ஒன்று கேட்கப்பட்டது என்ற செய்தி வாசிக்கப்பட்டது. மூன்றாம் கூட்டத்தில், இரண்டாம் கூட்டத்தில் அச்செய்தி வாசிக்கப்பட்டது என்பது வாசிக்கப்பட்டது. நான்காம் கூட்டத்தில் முத்தையன் எழுந்தபோது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது மற்றவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வதாகும் என்று அன்போடு நினைவூட்டப்பட்டது. அவர் மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அமர்ந்தார்.

பங்குனி நடுவில் துப்புரவும் நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. டீசல் எஞ்சின் ஒன்று கொண்டுவரப்பட்டு, மூன்று நாள் இரவுபகலாகக் கிணறு இறைக்கப்பட்டது. இறைத்த நீரை எங்கே விடுவது என்பதற்கு ஆணையில் வழி சொல்லப்படவில்லை. ஆகவே காய்ந்து கிடந்த வாய்க்காலில் விட்டார்கள். பத்து நாளில் தங்கையன் வீட்டுக் கிணறு மஞ்சளாயிற்று. அதற்கடுத்த ஐந்து வீட்டுக் கிணறுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாயின. முத்தையனுடைய கிணறு முன்பு இருந்தபடியே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாணிக்கவேல் அவர்களே வந்து பேசினார். "முன்பு ஒரே குடும்பம் இந்தப் பாரத்தைச் சுமந்தது. இன்று ஏழு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கிணற்றுக்குச் சராசரியாகப் பார்த்தால் பாதிப்பு ஏழில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. இது குறுகிய காலத்தில் நாம் அடைந்த முன்னேற்றம்."

தங்கையன் அன்று கேலி பேசவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது மட்டும், "நீ ஏன் மாமா போயி சொன்ன?" என்று கேட்டார்.

இத்தனைக்கும் நடுவே ஒரு காரியத்தை முத்தையனும் அஞ்சுகமும் மிகக் கவனமாகச் செய்துவந்தனர். நெடுங்காட்டுக்குச் செய்தி போகாமல் பார்த்துக்கொண்டனர். நகரத்துக் குழாயிலிருந்து சைக்கிளில் நாளுக்கு இரண்டு நடை, நான்கு குடம் கொண்டுவந்து மகளையும் பேரக் குழந்தையையும் பார்த்துக்கொள்வது என்று திட்டம். முத்தையன் அதற்காகச் சைக்கிளின் பின்புறம் இரும்புத் தாங்கி ஒன்று பற்றவைத்திருந்தார்.

ஆனால் தகவல் என்பது எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதில் பாலகுரு அவர்கள் உறுதியாக இருந்தார். சித்திரைப் பிறப்பன்று அவர் ஒரு தகவல் மடல் அச்சிட்டார். முகப்பில் முத்தையன் தம் கிணற்றருகே கைகட்டி நிற்கும் புகைப்படம். கீழே பெயரும் ஊரும். வரிச்சிக்குடியில் அனைவருக்கும் ஏற்கெனவே தகவல் தெரிந்திருந்ததால், மடல்கள் குரும்பகரத்திலும் நெடுங்காட்டிலும் டீக்கடை டீக்கடையாக ஒட்டப்பட்டன.

மூன்றாம் நாள் சம்பந்தி வைத்தியலிங்கம் வந்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர். மடலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அஞ்சுகம் கொண்டுவந்து கொடுத்த மோரைக் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"சம்பந்தி, ஒங்க மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. வளகாப்ப எங்க வீட்டுலயே வச்சுக்குவோம். பிரசவமும் அங்கயே நடக்கட்டும்."

"நான் டவுன் தண்ணி கொண்டாந்துடறேங்க. தாங்கி கூட அடிச்சு வச்சிருக்கேன். வந்து பாருங்க."

"தெனமும் கொண்டாருவீங்க, தெரியும். ஒரு நாளு ஒடம்பு முடியலன்னா? வாயும் வயிறுமா இருக்கற புள்ள, அவசரத்துக்கு இதுல ஒரு சொம்பு மோந்து குடிச்சுட்டான்னா?" என்றவர், சற்று யோசித்து, "ஆனி மாசத்துக்குள்ள சரியாயிடும்னு ஆபீசுல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நானே அமுதத்தக் கொண்டாந்து விடறேன்" என்றார்.

முத்தையன் மறுநாள் விடிந்ததும் அலுவலக வாசலில் நின்றார். இம்முறை நாற்காலி போடப்படவில்லை; ஆனால் கடிதம் கிடைத்தது. மாணிக்கவேல் அவர்கள் தாமே சொல்லச் சொல்ல ஹமீது எழுதினார்: 'மேற்படி கிணற்றின் நீர் மாசுற்றது என்று இவ்வலுவலகம் இதுவரை கூறவில்லை. மாசற்றது என்றும் கூறவில்லை. மாசுற்றது என நிறுவப்படாத நீரைத் தூய்மையாக்கும் நாளைக் குறிப்பிட இயலாது. இருப்பினும் பணி திருப்திகரமாக நடைபெறுகிறது.'

"இதுல தேதி எங்கங்க?" என்று கேட்டார் முத்தையன்.

"மேல இருக்கு பாருங்க. இன்னிக்குத் தேதி" என்றார் மாணிக்கவேல் அவர்கள்.

ஹமீது வாசல்வரை கூடவே வந்தார். "முத்தையண்ணே, இத சம்பந்திகிட்ட காட்டாதீங்க. ஒண்ணும் இல்லாததவிட இது மோசம்" என்றார். முத்தையன் காட்டினார். வைத்தியலிங்கம் படித்துப் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

சித்திரை இருபத்தைந்தில் நெடுங்காட்டில் வளைகாப்பு நடந்தது. தாய்வீட்டுச் சீராகக் கலவைச் சாதம் வர வேண்டும். அஞ்சுகம் முந்தின நாளே தங்கை வீட்டுக்கு, திருநள்ளாற்றுப் பக்கம் போய், அங்கே உள்ள கிணற்று நீரில் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சாதம் என ஐந்தும் தம் கையாலேயே சமைத்து எடுத்துவந்தார். அமுதத்துக்கு வளையல் அடுக்கினார்கள்; சந்தனம் பூசினார்கள்; பாட்டுப் பாடினார்கள். இலை போட்டபோது, எல்லா இலையிலும் அந்த வீட்டுச் சமையலே பரிமாறப்பட்டது. அஞ்சுகம் கொண்டுவந்த ஐந்து அடுக்குப் பாத்திரங்களும் கூடத்து மூலையில் மூடியபடி இருந்தன.

எலுமிச்சைச் சாதம் மஞ்சளாக இருப்பதை அஞ்சுகம் அப்போதுதான் நினைத்தார்.

அமுதம் எழுந்து போய், அதில் ஒரு கவளத்தை எடுத்தாள். மாமியார் கனகம் விரைந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். புது வளையல்கள் ஒன்றோடொன்று மோதின.

"சம்பந்தியம்மா, மனசுல வச்சுக்காதீங்க. எந்தத் தண்ணியில ஆக்குனதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க" என்றார் கனகம். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"நீங்க சொல்றது சரிதாங்க" என்றார் அஞ்சுகம்.

மாலையில் முத்தையனும் அஞ்சுகமும் மட்டும் பஸ் ஏறினர். மகள் உட்கார்ந்து வந்திருக்க வேண்டிய ஜன்னல் ஓர இடத்தில் அடுக்குகளை வைத்துக்கொண்டனர்.

ஆனி முதல் வாரத்தில் நிறைவுக் கூட்டம் நடந்தது. வாழைமரம் கட்டப்பட்டது. பாலகுரு அவர்கள் பதிவேட்டை உயர்த்திக் காட்டினார். "இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு கையொப்பங்கள். தகவல் தெரியாத குடும்பம் ஒன்றுகூட இல்லை. இலக்கு நூற்றுக்கு நூறு எட்டப்பட்டதால், இவ்வலுவலகம் வேறு ஊருக்கு மாற்றப்படுகிறது."

பின்பு மாணிக்கவேல் அவர்கள் எழுந்தார். முத்தையனை மேடைக்கு அழைத்து, தோளில் சால்வை போர்த்தினார்.

"இவர் கேட்ட கேள்வி எண் ஒன்றுக்கு இன்று பதில் சொல்லப்போகிறோம். நீர் எப்போது தூய்மையாகும் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. இதை நாங்கள் முதல் நாளே அறிவோம். முதல் நாளே சொல்லியிருந்தால் இவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். இன்று இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும், எங்களுக்குத் தெரியாது என்பது தெளிவாகத் தெரியும். வேறெந்த அலுவலகமும் இவ்வளவு செய்ததில்லை."

சிலர் கைதட்டினர். கைதட்டாதவர்கள் ஜீப்பிலிருந்த பாத்திரத்தின் அருகே குடத்துடன் நின்றவர்கள். அந்தச் செவ்வாய்க்குப் பின் அந்தப் பாத்திரமும் வராது என்பதை யாரும் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை; ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனி இருபதாம் நாள் நெடுங்காட்டில் அமுதத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. முத்தையனும் அஞ்சுகமும் விருந்தாளிகளைப் போலப் பழமும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போனார்கள். கனகம் இருவரையும் நன்றாக உபசரித்தார். குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம் வந்ததும் அஞ்சுகம் தம்மையறியாமல் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தார்; கனகம் ஏற்கெனவே காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டிருந்தார். அஞ்சுகம் செருகிய சேலையை மெல்ல இறக்கிவிட்டு, துண்டு எடுத்துத் தரும் வேலையைச் செய்தார்.

முத்தையன் அறைவாசலில் நின்றார். அமுதம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, நம்ம வீட்டுக்கு எப்ப அழைச்சிட்டுப் போவீங்க?"

வாய்க்காலில் நேற்றுத்தான் ஆற்றுநீர் வந்திருந்தது. அது ஏழு கிணறுகளின் ஓரமாகத் தளும்பி ஓடிக்கொண்டிருந்தது. அது போகும் வழியில் இன்னும் கெடாத கிணறு எத்தனை இருக்கிறது என்பதை முத்தையன் அன்று காலைதான் எண்ணிப் பார்த்திருந்தார். நான்கு மாதமாக அவருக்கு யாரும் ஒரு நாளைக் குறித்துச் சொன்னதில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார்.

"ஆவணி பத்தாந்தேதி. நல்ல நாளு, பாத்துட்டேன். காலையில ஒம்போது மணிக்கு வண்டி கொண்டாறேன்" என்றார்.

"சரிப்பா" என்றாள் அமுதம். குளித்து முடித்த குழந்தையைக் கனகம் கொண்டுவரும் ஓசை கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.